பல்லாவரத்துச் சரளையில் ஒரு கல்

தாம்பரத்துக்கும் கடற்கரை ஸ்டேஷனுக்கும் இடையே தினந்தோறும் மின்சார ரயிலில் போய்வருகிற நம் நேயர்களைப் பல்லாவரத்தைப் பற்றிக் கேட்டால் பலவிதமான பதில்கள் வரும். வெள்ளிக்கிழமைச் சந்தையில் அகப்படாத பொருளே இல்லை என்பார் ஒருவர். ஆகாய விமானங்கள் வீட்டு மாடியை உரசுவதுபோல் தாழப் பறக்கும் ஊர் என்பார் இன்னொருவர். சரித்திரத்தில் பற்றுடையவர், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகை அங்கே இருப்பதை எடுத்துச் சொல்வார். எல்லாம் சரியே. ஆனால் லண்டனிலோ பாரிஸிலோ கற்காலத்தைப் பற்றி ஆராய்கிற பண்டிதர் ஒருவரிடம் பல்லாவரம் என்று சொன்னால், அவர் சந்தையையும் நினைக்கமாட்டார், பல்லவனையும் நினைக்கமாட்டார். ஒரு கல்லை நினைப்பார்.

அந்தக் கல் 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி அகப்பட்டது. பல்லாவரம் அப்போது பட்டாளம் தங்கியிருந்த கன்டோன்மென்ட். அங்கே கவாத்து மைதானத்தருகில் சரளைக்கல் தோண்டி எடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. கத்திரி வெயிலின் சூடு இன்னும் தணியாத அந்த நாளில், இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் உத்தியோகம் பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர் பள்ளத்துக்குள் கிடந்த கல் ஒன்றைக் குனிந்து எடுத்தார். உள்ளங்கை நிறையப் பிடிக்கத்தக்க கல். ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் கனம், இரண்டு முகங்களிலும் சில்லுச் சில்லாகப் பெயர்த்த வடுக்கள். ஆறும் மழையும் ஒரு கல்லை இப்படி உடைக்க மாட்டா என்பது அவருக்கு உடனே விளங்கிற்று. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அறிந்து எடுக்கப்பட்ட முதற் கைக்கோடரி அதுதான்.

அவருக்கு மட்டும் எப்படி விளங்கிற்று என்று கேட்கலாம். அதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்புதான், 1859-இல், பிரான்ஸ் தேசத்து ஆபெவில் என்ற ஊரின் ஆற்றுச் சரளையில் கிடைத்த இதே மாதிரியான கற்கள் மனிதன் செய்தவையே என்று இங்கிலாந்தின் அறிஞர்கள் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். டார்வினுடைய பிரசித்தி பெற்ற புஸ்தகம் வெளியானதும் அதே வருஷம். ஃபூட் 1858-இலேயே சென்னைக்கு வந்துவிட்டவர். இருபத்தெட்டு வயது வாலிபர். ஐரோப்பாவின் சர்ச்சைகளைப் படித்துக்கொண்டே இங்கே பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் படுவது வேறு, கண்டுகொள்வது வேறு அல்லவா? அந்தப் பள்ளத்தைத் தோண்டிய கூலியாட்கள் அவர் வருமுன் எத்தனை கோடரிகளைக் கூடையில் அள்ளிக் கொட்டியிருப்பார்களோ!

இதைக் கேட்டு நம் முன்னோர் ஒன்றும் அறியாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பிற்காலத்தைச் சேர்ந்த வழவழப்பான கற்கோடரிகளைச் சேர்வராயன் மலைக் கிராமத்தார் சாதாரணக் கல் அல்ல என்று தெரிந்து எடுத்துச் சிறு கோவில்களில் வைத்துப் பூசித்து வந்தார்கள். அது யார் செய்தது, எப்போது செய்தது என்ற கேள்வியைத்தான் நாம் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ஃபூட் கேட்டார், சாகும்வரை கேட்டார். அவர் தென்னாடு முழுவதும் அலைந்து பொறுக்கிய கற்களும் ஓடுகளும் 1904-இல் சென்னை அரசாங்க மியூசியத்தைச் சேர்ந்தன. 1912-இல் காலமானார், அவருடைய அஸ்தி ஏற்காட்டில் இருக்கிறது.

பல்லாவரத்துக் கல் கிடைத்த நான்காவது மாதம், செப்டம்பர் 28-ஆம் தேதி, ஃபூட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் திருவள்ளூருக்கு அப்பால் கொசஸ்தலையாற்றுப் பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தார்கள். பல்லாவரத்தில் ஒரு கல். அங்கோ ஓடைக்கரை முழுவதும் கற்கள்! நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீருக்கும் அந்த ஆற்றுக்கும் சம்பந்தம் உண்டு. சத்தியமூர்த்தி அவர்கள் சென்னை மேயராக இருந்தபோது பாடுபட்டு, அவர் மறைந்தபின் 1944-இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கம் அதே கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டியதுதான். நகரத்தின் தாகத்தைத் தீர்க்கிற ஆறு, நகரம் என்பதே தோன்றாத காலத்திலும் யாருடைய தாகத்தையோ தீர்த்துக்கொண்டிருந்தது.

எந்தக் காலம்? 1999 முதல் சாந்தி பப்பு என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் அத்திரம்பாக்கத்தைப் பொறுமையாக, அங்குலம் அங்குலமாகத் தோண்டினார்கள். 2011-இல் வெளியான அவர்களுடைய முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அடிமட்டத்துக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் வருஷம். எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் 10 லட்சத்துக்குக் குறையாது.

கல்லுக்கு எப்படி வயது சொல்கிறார்கள் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள், ஆகையால் சொல்லிவிடுகிறோம். வானவெளியிலிருந்து ஓயாமல் பொழிகிற கதிர்கள், பூமியின் மேற்பரப்பில் கிடக்கும் கல்லில் பட்டு, பெரிலியம், அலுமினியம் என்ற இரண்டு பொருள்களின் அபூர்வமான வகைகளை மிக நுண்ணிய அளவில் உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்துவிட்டால் கதிர் படுவது நின்றுபோகும். அதுவரை சேர்ந்தவை மெல்லக் குறையத் தொடங்கும். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. ஒரே சமயத்தில் ஏற்றிய இரண்டு அகல்களில், ஒன்றின் திரி பருமன், மற்றதன் திரி மெல்லியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மிச்சமிருக்கும் எண்ணெயைப் பார்த்து, விளக்கேற்றி எவ்வளவு நேரமாயிற்று என்று பாட்டி சொல்லிவிடுவாள். விஞ்ஞானிகள் செய்வதும் ஏறக்குறைய அதுவே.

15 லட்சம் வருஷம் என்றால் மனத்தில் எதுவும் நிற்பதில்லை. நம் மின்சார ரயிலையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அத்திரம்பாக்கத்து முதற் கோடரி செய்த அன்று வண்டி தாம்பரத்தை விட்டது என்றும், இன்றைய தினம் அது கடற்கரையில் நிற்கிறது என்றும் கொண்டால், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு 50,000 வருஷம் ஆகிறது. மீனம்பாக்கம், கிண்டி, மாம்பலம் யாவும் கடந்தாயிற்று. இன்னும் அதே கைக்கோடரிதான். நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டுப் பக்கம் வருகையில் கருவி செய்யும் முறையில் பெரிய மாறுதல் ஒன்று தென்படுகிறது. அப்புறம் எழும்பூர், பூங்கா, கோட்டை. ஏர் பிடித்து உழுதவனை மட்டும் இன்னும் காணோம்! தென்னாட்டில் மனிதன் விதை விதைத்து ஆடுமாடு வளர்க்கத் தொடங்குவது வண்டி கடைசி நூறு மீட்டரை நெருங்கியபின். மகேந்திரவர்மன் குகை குடைவித்தது நிற்பதற்கு 28 மீட்டர் முன்னால். ஃபூட் குனிந்து கல்லை எடுத்தது கடைசி நாலு கஜத்துக்குள்.

இந்த நீண்ட பிரயாணத்தில் வந்தவர்கள் நாள் முழுவதும் என்ன செய்தார்கள்? நமக்கு மிகவும் ருசிகரமான விஷயம் இதுவே.

அத்திரம்பாக்கத்தின் அடிமட்டம் வெள்ளம் கொண்டுவந்து படிவித்த களிமண். வெள்ளம் வடிந்தபின் அங்கங்கே குட்டைகள் நின்றிருக்கும். குதிரை இனம் ஒன்று, எருமை, நீலான் என்னும் பெரிய மான் ஆகியவற்றின் பற்கள் அங்கே அகப்பட்டிருக்கின்றன; மிருகங்கள் சேற்றில் நடந்த அடிச்சுவடுகள் போன்ற பள்ளங்களும் பதிந்திருக்கின்றன. ஆகவே தண்ணீர் குடிக்க மிருகங்கள் வந்தன, மனிதரும் வந்தனர். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வண்டல் களிமண்ணில் கல் இயற்கையாகக் கிடையாது. அங்கே கிடக்கும் கருவி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு வந்ததாகத்தான் இருக்க வேண்டும். பெரிய பெரிய சில்லுகளை வேறிடத்தில் பாறையிலிருந்து பெயர்த்து, இங்கே சுமந்து வந்து, தண்ணீர்க் கரையில் உட்கார்ந்து செதுக்கிச் செம்மை செய்திருக்கிறார்கள். நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே நினைத்து, கனமான கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்த ஜீவனை நாம் ‘மிருகத்துக்குச் சற்று மேல்’ என்று தள்ளிவிட முடியுமா?

கல்லைத் தேர்ந்தெடுப்பதே ஒரு வித்தை. பல்லாவரம் குன்று முழுவதும் சார்னோகைட் என்னும் கரும்பாறை. ஃபூட் கண்ட கோடரியோ அந்தக் கல்லால் ஆனதன்று. குவார்ட்ஸைட் என்ற கெட்டிக் கல். காலடியில் மலையே கிடந்தாலும், தன் வேலைக்கு உகந்தது எது என்று அறிந்து அதையே கையில் எடுத்திருக்கிறான். சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் விரலால் தட்டி ஓசையைக் கேட்பதுபோல், கல் தட்டுகிறவர்களும் தட்டிப் பார்த்தே உள்ளே விரிசல் உண்டா என்று தெரிந்துகொள்வார்கள். அப்புறம் உருண்டையான ஒரு கல்லைச் சுத்தியலாகக் கொண்டு ஓரத்தில், சரியான சாய்வில், சரியான வேகத்தில் ஓர் அடி. சில்லு பெயரும். கல்லைத் திருப்பி மறுபக்கம் ஓர் அடி. ஓர் அடி பிசகினால் செய்த வேலை அத்தனையும் இரண்டாகப் பிளந்துபோகும். இக்காலத்தில் ஆராய்ச்சிக்காக இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்கிற கலாசாலை மாணவர்கள் மாதக்கணக்கில் விரலை நசுக்கிக்கொண்ட பிறகே ஒழுங்கான கோடரி ஒன்றைச் செய்கிறார்கள். ஆகவே அந்தக் காலத்தில் குழந்தைகள் பெரியவர்களின் அருகில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து, உடைத்து உடைத்துக் கற்றிருக்க வேண்டும். வாத்தியாரும் இருந்திருப்பார், குட்டும் இருந்திருக்கும்.

கோடரி என்று சொல்லுகிறோமே ஒழிய, அதற்குக் காம்பு கிடையாது. மிருகத்தின் தோலைக் கிழிக்க, எலும்பை உடைத்து உள்ளிருக்கும் கொழுப்பை எடுக்க, கிழங்கு தோண்ட, மரக்கொம்பைச் சீவ எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. நம் வீட்டு அரிவாள்மணை, அம்மி, மண்வெட்டி மூன்றும் சேர்ந்த ஒரு கருவி என்று சொன்னாலும் தகும். தீபாவளிக்குத் தீபாவளி புடவைக் கரை மாறுகிற இந்த நாளில், ஒரே மாதிரியான சாமானை லட்சக்கணக்கான வருஷங்கள் மாற்றாமல் வைத்திருந்தவர்களைப் பற்றி நினைக்கும்போது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

பள்ளிக்கூடப் புஸ்தகங்களில் கற்கால மனிதன் என்றால் சடைமயிரும் கையில் தடியுமாக யானையைத் துரத்துகிற படம் போடுகிறார்கள். தினம் யானை துரத்தினால் குடும்பம் பட்டினிதான் கிடக்கும்! வெப்ப நாடுகளில் சேகரித்து உண்ணும் மக்களின் வாழ்க்கையைக் கவனித்தவர்கள், அன்றாட உணவில் பெரும்பங்கு கிழங்கும் கனியும் கொட்டையும் கீரையும் சிறு பிராணிகளுமே என்று கண்டிருக்கிறார்கள். அவற்றைப் பெரும்பாலும் தேடிச் சேர்ப்பவர் பெண்கள். படத்தில் அவர்களைக் காணோம் என்பதைச் சித்திரக்காரர்கள் கவனிப்பார்களாக. நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே இருளர் மக்கள் வாழ்கிறார்கள். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறி மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருகிறது. வளையின் வாயில் உள்ள மண்ணைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா, பாம்பா என்று சொல்லிவிடுகிற கண் அவர்களுக்கு உண்டு. அவர்களைக் கற்காலத்தின் மிச்சம் என்று பேசுவது அவமதிப்பு. அவர்கள் நம் காலத்தவர், நம்மைப்போல் வோட்டுரிமை உள்ள பிரஜைகள். ஆனால் மண்ணையும் சுவட்டையும் படிக்கிற படிப்பு எவ்வளவு ஆழமானது என்பதை அவர்களிடமிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

நுங்கம்பாக்கம் பக்கம் வந்த மாறுதலைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? 2018-இல் சாந்தி பப்பு அவர்களின் குழு வெளியிட்ட இன்னொரு முடிவு அது. சுமார் 3,85,000 வருஷங்களுக்கு முன்னால் அத்திரம்பாக்கத்தில் பெரிய கோடரிகள் குறைந்து, சிறிய சில்லுக் கருவிகள் பெருகுகின்றன. முதலில் கல்லைச் சுற்றிலும் செதுக்கித் தயார் செய்து, கடைசியில் ஒரே அடியில் தான் எண்ணிய வடிவத்திலேயே சில்லைப் பெயர்க்கும் முறை வந்துவிட்டது. இந்த முறை வெளிநாட்டிலிருந்து வெகு பிற்காலத்தில் இங்கே வந்தது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள்.

இதைக் கேட்டவுடனே, “உலகத்தில் முதன்முதல் தோன்றியவன் தமிழனே” என்று மேடையில் முழங்குகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். நமக்கும் தேசாபிமானம் குறைவில்லை. ஆனால் பொய்க்கால் வேண்டாம். 15 லட்சம் வருஷத்துக்கு முன் நம்மைப் போன்ற மனித இனமே உலகில் எங்கும் இல்லை. அவர்களைத் தமிழர் என்பதோ, ஆரியர் என்பதோ, இந்தியர் என்பதோ பொருந்தாது. இந்த மண்ணில் நமக்கு முன் குடியிருந்தவர்கள்; அவ்வளவே.

நம் இனத்தைச் சேர்ந்த வேடர்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள இலங்கைக்குப் போகவேண்டும். அங்கே பாஹியன் குகையில் சுமார் 48,000 வருஷங்களுக்கு முன்னர் வாழ்ந்தவர்கள் குரங்கையும் பெரிய அணிலையும் வேட்டையாடித் தின்று, அந்த எலும்பிலேயே கூரிய அம்பு முனைகளைச் செதுக்கி, மறுபடியும் குரங்கு வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். மணிகளும் அணிந்தார்கள். அதற்குப் பல ஆயிரம் வருஷம் கழித்து, உலகத்தில் பனி மிகுந்து கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்த சமயத்தில், இலங்கைக்கும் நமக்கும் இடையே தரைவழி இருந்தது. சென்னைக் கடற்கரையும் இன்றைக்கு இருக்குமிடத்துக்குப் பல மைல் கிழக்கே விலகியிருந்தது. தாம்பரத்து வேடன் ஒருவன் கடலைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தால் வெகுதூரம் நடந்திருக்க வேண்டும்.

இனி உழவர்களிடம் வருவோம். வேட்டையாடுகிறவன் ஒரு நாள் காலையில் எழுந்து ஏர் பூட்டிவிடவில்லை. தென்னாட்டில் அது மாட்டோடு தொடங்கிற்று. பல்லாரி, ராய்ச்சூர்ப் பக்கங்களில் குன்றுபோல் குவிந்த சாம்பல் மேடுகள் உண்டு. அசுரர்களை எரித்த இடம் என்று அங்குள்ளோர் கதை சொல்வார்கள். அது மாட்டுச் சாணி எரிந்த சாம்பலே என்று நம் ஃபூட் கருதினார். 1957-இல் உத்னூர் என்ற கிராமத்தில் ஆல்சின் என்பவர் தோண்டியபோது, பட்டியின் வேலிக்கால் நட்ட குழிகளும், அவற்றினிடையே மாட்டுக் குளம்பு பதிந்த தரையும் வெளிப்பட்டன. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில் பட்டியில் அடைந்த மாடுகளின் குளம்படி!

அவர்கள் விதைத்தவை கொள்ளு, பாசிப்பயறு, சிறு தானியங்கள். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளியில் தோண்டியபோது, தரையில் குழி தோண்டி அமைத்த வீடுகளும், வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளும், கருகிய கொள்ளும் பயறும் கிடைத்தன. தேய்த்த கோடரிக்கு மரக்காம்பு உண்டு, காட்டைத் திருத்தலாம். அரிசி அப்போது இந்தப் பக்கத்து அடுப்பில் ஏறவில்லை. ஜலதோஷம் பிடித்தால் நம் வீடுகளில் வைக்கிற கொள்ளு ரசத்துக்கு எல்லாச் சாதத்தையும்விடப் பூர்வீகம் அதிகம் என்பதை ரசம் வைப்பவர்கள் அறிந்து பெருமைப்படலாம்.

இதே நாடகம் கடலுக்கு அப்பால் அமெரிக்காக் கண்டத்தில் தனியாக, ஒருவரை ஒருவர் அறியாமலே நடந்தது. அங்கே மனிதன் போய்ச் சேர்ந்ததே வெகு பிற்பாடு. நியூ மெக்ஸிகோ மாகாணத்து வெண்மணல் பிரதேசத்தில் பழைய ஏரிக்கரைச் சேற்றில் பதிந்த மனிதர் காலடிகளுக்கு 21,000 முதல் 23,000 வருஷம் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். சுமார் 13,000 வருஷங்களுக்கு முன் அங்கே குளோவிஸ் வேடர்கள் அழகான ஈட்டி முனைகளால் மாபெரும் ரோம யானைகளை வேட்டையாடினார்கள். பிறகு மெக்ஸிகோவில் பூசணி இனம் ஒன்றைப் பயிராக்கினார்கள். ஏறக்குறைய 9,000 வருஷங்களுக்கு முன் ‘தியோசிந்தே’ என்ற காட்டுப் புல்லை, தலைமுறை தலைமுறையாகப் பெரிய மணியுள்ள கதிரையே தேர்ந்து விதைத்து, மக்காச்சோளமாக மாற்றினார்கள். அந்தப் புல்லின் கதிர் விரல் நீளங்கூட இல்லை. இந்த அற்புதத்தைச் செய்தவர் பெயர் எந்தப் புஸ்தகத்திலும் கிடையாது. மிளகாயும் அவர்கள் பயிராக்கியதே. உருளைக்கிழங்கு, தக்காளி, வேர்க்கடலை, மரவள்ளி, கொய்யா, பப்பாளி என்று நம் வீட்டுக் காய்கறிக் கூடையைக் கவிழ்த்தால் பாதிக்குமேல் அந்தப் பூர்வ அமெரிக்க உழவர்களின் உழைப்பு. போர்ச்சுகீசியர் கப்பலில் வருமுன் நம்மவர் மிளகைக்கொண்டே காரம் கூட்டினார்கள். சாம்பாரில் மிளகாய் கிள்ளிப் போடுகிறபோது, மெக்ஸிகோ நாட்டுப் பெண் ஒருத்திக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போடுவது நியாயமே.

பல்லாவரத்துக்குத் திரும்பவேண்டும், ஏனெனில் அந்த ஊர் இன்னொரு முறையும் பேசிற்று. 1887-இல் தொல்பொருள் இலாகாவைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ரீ என்பவர் பல்லாவரத்துக் குன்றுச் சரிவில் சுட்ட மண்ணால் ஆன ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தார். நீண்ட தொட்டி, அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள், மேலே மூடி. எழும்பூர் மியூசியத்தில் அப்படிப்பட்ட பேழையை இன்றும் பார்க்கலாம். இவை இரும்பு உபயோகித்த உழவர்களின் ஈமச் சின்னங்கள். குன்றத்தூர், பெருங்களத்தூர், வண்டலூர், செங்கற்பட்டு என்று இந்தப் பிரதேசம் முழுவதும் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் தாழிகளும் பரவிக் கிடந்தன. கிராமத்தார் அவற்றைப் பாண்டவர் குழி என்பார்கள். பஞ்சபாண்டவர் வனவாசத்தில் தங்கியதாகக் கதை.

புதைகுழியைக்கொண்டு வாழ்க்கையை அறியலாமா என்றால், நன்றாக அறியலாம். ஓர் ஆள் படுக்கும் அளவுள்ள பேழையை வெடிக்காமல் சுட்டெடுக்கத் தெரிந்த குயவர் ஊரில் இருந்தார் என்பது முதலாவது. புறநானூற்றில்கூடக் குயவனைப் பார்த்துப் பெரிய தாழி வனையுமாறு வேண்டுகிற பாட்டு ஒன்று உண்டு. உள்ளே உடலை முழுதாக வைப்பது அபூர்வம்; வெளியே கிடத்திப் பிறகு எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்தார்கள். ஆகவே ஒருவர் இறந்தால் இரண்டாவது முறையும் சுற்றத்தார் கூடினார்கள். உள்ளே கறுப்பும் சிவப்புமான சிறு கலயங்கள். இரும்பு அரிவாள், கத்தி, கோடரி. அறுத்த கையோடு அரிவாளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் ஆதிச்சநல்லூர்ப் பானைகளில் ரீ துரை நெல் உமியையும் சிறுதானிய உமியையும் கண்டார். அதே சீமையில் சிவகளைத் தாழி ஒன்றிலிருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் தெரியவந்தது. இரும்பின் காலமோ இன்னும் பின்னுக்குப் போகிறது: சிவகளை இரும்புக்குக் கி.மு. 3345 வரை காலம் சொல்கிறது 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை. அதைப் பற்றி அறிஞர்களிடையே வாதம் நடக்கிறது, நடக்கட்டும்.

இடத்தைத் தேர்ந்ததிலும் ஒரு யோசனை தெரிகிறது. ஈமச் சின்னங்கள் பெரும்பாலும் ஏர் ஏறாத சரளை மேட்டில். கீழே தண்ணீர் தங்கும் தாழ்வு, அங்கே பயிர். செத்தவருக்கு மேடு, இருப்பவருக்குப் பள்ளம். தாம்பரத்தைச் சுற்றிச் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பீர்க்கன்காரணை என்று ஏரியில்லாத ஊரே கிடையாது. அந்த ஏரிகள் பிற்காலத்தவை ஆயினும், தண்ணீர் எங்கே தங்கும் என்று பார்க்கும் கண் அந்தப் பழைய உழவர்களிடம் அப்போதே இருந்தது. நாமோ பள்ளத்தைத் தூர்த்து வீடு கட்டிக்கொண்டு ஐப்பசி மாதத்தில் கட்டிலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தப் பள்ளத்தைத் தூர்க்கும் மண் எங்கிருந்து வருகிறது என்பதே நாம் இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம். வீட்டுத் தளம் உயர்த்த லாரி லாரியாகக் கொட்டுகிறார்களே, சிவந்த கிராவல், அது மேட்டிலிருந்து வருகிறது. ஃபூட் கல்லை எடுத்ததும் அதே வகைச் சிவந்த சரளையில்தான். மேட்டை வெட்டினால் மேலே இருந்த கல்வட்டமும் போகிறது. அடியிலிருந்த கைக்கோடரியும் போகிறது. கோடரி உடைவதில்லை, அது நம் வீட்டு வாசற்படிக்கு அடியில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் எந்த மட்டத்தில், எந்த மண்ணில், எதன் அருகில் கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடும். அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் என்று கணக்கிட முடிந்தது, மண் அடுக்கு கலையாமல் இருந்ததனால் மட்டுமே.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2010-இல் திருத்திய மத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்டலாம். தஞ்சைப் பெரிய கோவிலுக்கு இது பொருத்தமே. பல்லாவரத்திலோ, சின்னம் என்று அரசாங்கப் பதிவில் இருப்பது மண்ணுக்குள். கண்ணுக்குத் தெரிவது தெருவும் வீடுகளும். சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கி, ஒரு மாடி எழுப்ப முடியாமல் தவிக்கிற குடும்பங்களின் முறையீட்டை அலட்சியம் செய்வது தர்மமன்று. கல்லறையைக் காக்கிறோம் என்று சொல்லிக் குடியிருப்பவரைப் பகைத்துக்கொண்டால், கல்லறைக்கும் நன்மையில்லை. கடப்பாரையில் பானை தட்டுப்பட்டால் வீட்டுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக அதை அப்புறப்படுத்தத்தான் பார்ப்பார். தடையை ஒரே அளவாக எங்கும் போடுவதைவிட, அஸ்திவாரம் தோண்டுகிற நாளில் தொல்லியல் தெரிந்தவர் ஒருவர் உடனிருந்து, வருவதைக் குறித்துப் படம் பிடித்து எடுத்துக்கொண்டு, பிறகு வீட்டைக் கட்ட விடுவதே மேல் என்பது நம் அபிப்பிராயம். அதற்கு ஆகும் செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும். வீட்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது.

பிள்ளைகளை அழைத்துப் போக விரும்புகிறவர்களுக்குப் பூண்டியில், நீர்த்தேக்கத்தின் அருகிலேயே, மாநிலத் தொல்லியல் துறை 1985-இல் ஏற்படுத்திய கற்கால மியூசியம் இருக்கிறது. சிறிய இடம், ஆனால் கைக்கோடரிகளை வரிசையாகப் பார்க்கலாம். பக்கத்தில் கூடியம் குகைகள் உண்டு. கொஞ்சம் நடக்கத் தயாராக இருக்கவேண்டும், தண்ணீரும் எடுத்துப் போகவேண்டும்.

வீட்டிலேயே இருந்து செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கிணறோ கழிவுநீர்த் தொட்டியோ அஸ்திவாரமோ தோண்டும்போது, கால் வைத்த மண்தொட்டியோ, கனத்த வாயுள்ள பெரிய தாழியோ, வட்டமாக நட்ட கற்களோ தென்பட்டால், தோண்டுவதை நிறுத்தி, எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொண்டு, ஒரு படம் பிடித்து வைத்து, தாசில்தாருக்குத் தெரிவியுங்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. அதன்படி மண்ணுக்குள் அகப்படும் பழம்பொருளைக் கலெக்டருக்கு அறிவிப்பது கடமை. பானையை உடைத்துத் தங்கம் தேட வேண்டாம். உள்ளே இருப்பது மண்ணும் எலும்பும், அதிருஷ்டம் இருந்தால் ஒரு பிடி உமியுந்தான்.